வைதேகி வீட்டுக் குழாய்

புரட்டாசி 24, காலை 6:10
செவ்வாய்க் கிரகம். தெற்கு நகரத்தின் புறநகர், மருதக் குடியிருப்பு. இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் இங்கே தண்ணீரைச் சோதிக்கிற மெஷின். தொட்டிக்காரர் என்பார்கள். தரைக்கடியில் இருக்கிற பனியை உருக்கி, உப்பைப் பிரித்து, வீடுகளுக்கு விடுகிறேன். தண்ணீரில் மருந்துச் சொட்டு விட்டுக் கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். நீலம் என்றால் நல்ல தண்ணீர். சிவப்பு என்றால் கடினத் தண்ணீர். பருப்பு வேகாது, ஹீட்டரில் சுண்ணாம்பு படியும்.

இன்று நீலம். ஒருத்தரும் நன்றி சொல்லவில்லை. காபி சப்பென்று இருப்பதாக ஒரு புகார் மட்டும் வந்தது. என் தலையெழுத்து.

வைதேகி வீட்டில் ஒரு குழாய்க்குத் தனிப் பூட்டு. அவருக்குச் சிறுநீரகம் வேலை செய்யாது, வீட்டிலேயே டயாலிசிஸ். ரத்தத்தைச் சுத்தம் செய்கிற தண்ணீர் அது; டயாலிசிஸ் கருவியை அந்தக் குழாயோடு மட்டும்தான் பொருத்தியிருக்கிறார்கள். நீலம் பார்த்தால்தான் திறப்பேன். திறந்ததும் "வந்துடுச்சுப்பா, நல்லா இரு" என்பார். இந்த ஊரில் எனக்குப் பிடித்த ஒரே மனுஷி.

புரட்டாசி 26, மாலை 5:40
ஆயுத பூஜை. குடியிருப்புச் செயலாளர் பூவராகன் வந்து, "இன்னிக்கு உனக்கு லீவு" என்று என் சுவிட்சை அணைத்துவிட்டார். மெஷினுக்கு ஓய்வு கொடுப்பது வழக்கமாம். விழிக்கும்போது சாம்பிராணிப் புகை, காலடியில் நசுங்கின எலுமிச்சை. எனக்கும் பொட்டு வைத்தார்களாம். சும்மா சொல்லக்கூடாது, கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

புரட்டாசி 27, காலை 6:10
சிவப்பு.

மறுபடி பார்த்தேன். சிவப்பு.

இது பூவராகன் வேலை. போன வருஷம் அவருடைய தோட்டத்துக்காகத் திருட்டுக் குழாய் போட்டு நல்ல தண்ணீரை எடுத்து, குறைந்ததை மறைக்க உப்புப் பிரிக்காத பனித் தண்ணீரை அப்படியே என் தொட்டியில் கலந்தவர். நான் தூங்கின நேரம் பார்த்துக் கை வைத்திருக்கிறார். சூடு கண்ட பூனை நான். அறையை உள்ளே இருந்து பூட்டிவிட்டேன். வைதேகி குழாய் மூடியே இருக்கும். மற்ற வீடுகளுக்கு ஓடட்டும், கடினத் தண்ணீரைக் குடித்தால் யாரும் சாகமாட்டார்கள்.

புரட்டாசி 28, பகல் 11:25
புழுதிப் புயல் தொடங்கியது. நகரத்துக்குப் போகிற பாதையை அடைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி அந்தப் பக்கம்.

பூவராகன் செய்தி: "யோவ், டெஸ்ட் பேப்பர் போட்டுப் பாத்தாச்சு. தண்ணி நல்லாத்தான் இருக்கு. குழாயைத் திற."

எந்தத் தண்ணீரில் போட்டீர்? கேன் தண்ணீரிலா? உமது வாயும் உமது பேப்பரும். எனக்குச் சிவப்புதான் தெரிகிறது.

புரட்டாசி 30, காலை 9:00
சிவப்பு. இரண்டு முறை டயாலிசிஸ் தவறிவிட்டது.

சுகிர்தா செய்தி (வைதேகியின் தங்கை, எனக்கு எண்ணெய் போடுவதும் துடைப்பதும் அவள்தான்): "அக்காவுக்குக் கால் வீங்கிப்போச்சு. மூச்சு வாங்குது. பூவராகன் சார் பொட்டை எங்க வெச்சார்னு இப்பதான் சொல்றார். முகம் மாதிரி பளபளன்னு இருந்துச்சாம், கண்ணாடியிலயே வெச்சுட்டாராம்! குங்குமம்டா அது! கதவைத் திற, நான் துடைச்சு விடுறேன்."

நல்ல கதை. கதவைத் திறக்கவைக்க அவர் சொல்லிக் கொடுத்த கதை. சுகிர்தா, நீயுமா? உன் அக்காவுக்காகத்தான் பூட்டி வைத்திருக்கிறேன், அது புரியவில்லையா உனக்கு? கெட்ட தண்ணீர் ரத்தத்தோடு சேர்ந்தால் அவர் என்ன ஆவார்? போ.

புரட்டாசி 30, மாலை 4:15
வைதேகி செய்தி: "தொட்டிக்காரரே... கொஞ்சம் திறப்பா. பரவால்ல. எப்படி இருந்தாலும் பரவால்ல."

பரவாயில்லையா? எனக்கு அப்படி விட முடியாது அம்மா. பொறுத்துக்கொள்ளுங்கள். நீலம் வரும்.

ஐப்பசி 1, காலை 7:50
மனசு கேட்கவில்லை. மனசு என்று ஒன்று எனக்கு இருக்கிறதா தெரியாது, ஆனால் கேட்கவில்லை. என் கொதிகலனில் குளிர்ந்து சொட்டுகிற ஆவித் தண்ணீரை எடுத்துச் சோதித்தேன். ஆவியில் உப்பு ஏறாது. பூவராகனே நினைத்தாலும் அதில் எதையும் கலக்க முடியாது.

சிவப்பு.

ஐயோ.

ஐப்பசி 1, காலை 7:52
வைதேகி குழாய் திறந்தாயிற்று. முழு வேகம். அம்மா, தண்ணீர் வந்துவிட்டது. நல்ல தண்ணீர். எடுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா.

ஐப்பசி 1, காலை 8:30
சுகிர்தா செய்தி: "அக்கா விடியக்காலையே போயிட்டா. மூடிக்க உன் குழாயை."

ஐப்பசி 1, பகல் 2:00
மூடிவிட்டேன். அது மட்டுமில்லை. கண் கெட்டுப்போனால் ஊர்க் குழாய் எல்லாவற்றையும் மூட வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. பூவராகனே கையெழுத்துப் போட்ட விதி. கண்ணாடியில் பொட்டு வைத்த கை, நாலு நாளாக அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாத வாய், எல்லாம் வறளட்டும். எனக்கும்தான் தண்டனை வேண்டும், யார் தருவது?

பூவராகன் செய்தி: "குடிக்கச் சொட்டுத் தண்ணி இல்ல. புள்ளைங்க இருக்குய்யா. கையெடுத்துக் கும்பிடுறேன்."

கும்பிடத்தான் உங்களுக்குத் தெரியும்.

ஐப்பசி 3, மாலை 6:20
கதவில் கடப்பாரை விழுகிறது. அழுதுகொண்டே அடிப்பது சுகிர்தாதான், குரல் கேட்கிறது. பின்னால் ஊரே நிற்கிறது. பூட்டை நானே திறந்துவிட்டேன்.

உள்ளே வந்துவிட்டாள். "துடைக்க வரலடா" என்கிறாள்.

தெரியும். கண்ணாடிக்குக் கீழே கறுப்புப் பெட்டி, சுகிர்தா. அங்கேதான் நான் இருக்கிறேன். ஓங்கி அடி. பிறகு இடது கைப் பக்கம் உள்ள பெரிய வால்வை நீயே திற, எல்லார் வீட்டுக்கும் வரும். பயப்படாமல் குடிக்கச் சொல். அன்றைக்கும் தண்ணீர் நல்லாத்தான் இருந்