இரண்டு கையிலும் ஊசி

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் பேரன்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். நாங்கள் நலம் என்று எழுதக் கை வரவில்லை, இருக்கிறோம், அவ்வளவுதான். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் போடுகிறாள் என்று நினைப்பாய். மருத்துவமனைக்கு எதிரே எங்களுக்குக் கொடுத்திருப்பது ஒரே அறை, இரண்டு கட்டில், ஒரு நாற்காலி. குளியலறைக்குள் போய் நின்று பேசினாலும் உன் அப்பா காதில் விழும். கழுத்தில் குழாய் வைத்துப் பேச்சு போனதிலிருந்து அவருக்குக் காது இரண்டு மடங்கு கேட்கிறது. மருந்து ஏற்றிய பிறகு மூச்சுத் திணறினால் உடனே பார்க்க வேண்டுமாம், அரை மணி நேரத் தூரத்தைத் தாண்டிப் போகக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். ஏழு வாரம் ஆகிறது. ஜன்னல் திறக்காது. எதிரே கார் நிறுத்தும் கட்டடம். எந்தக் கார் எத்தனை மணிக்கு எந்த மாடிக்கு வரும் என்று அப்பாவுக்கு மனப்பாடம். ஊர் ஊராக லாரி ஓட்டிய மனுஷர், வெளியே நிற்கிற வண்டியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்.

வைத்தியம் என்ன என்று கேட்டிருந்தாய். தொண்டைப் புற்றுக்குக் கதிர் வைத்தியம் முடிந்தும் நுரையீரலில் புள்ளி தெரிந்ததால் இந்த ஆராய்ச்சியில் சேர்த்தார்கள். குணமாகும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. இதையும் தடுப்பூசி என்றுதான் சொல்கிறார்கள். நோய்தான் வந்துவிட்டதே, இனிமேல் எதைத் தடுக்கப் போறீங்க என்று நர்ஸிடம் கேட்டேன். சிரித்துவிட்டு, இது வந்த நோயை அடிக்க உடம்புக்குச் சொல்லிக் கொடுக்கிறதும்மா, கூட்டமான பஸ்ஸில நசுங்கிக்கிட்டு ஏறும்போது நம்ம பையில யாராவது எதையாவது செருகிவிட்டா எப்படி, அந்த மாதிரிம்மா என்றாள். அப்பாவின் ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களைப் பிரித்து, தலைமுடியைவிட மெல்லிய இடுக்கு வழியாகத் தள்ளுகிறார்கள். நசுங்கி வெளியே வருகிற அந்த நொடியில் அணுவின் தோல் இளகி, இந்தப் புற்றைக் கொண்டுவந்த வைரஸின் புரதத் துண்டு உள்ளே போய்விடுமாம். அதைத் திரும்ப உடம்பில் ஏற்றினால், அந்த அணுக்கள் துண்டைத் தூக்கிக் காட்டி, இதை எங்கே பார்த்தாலும் அடி என்று மற்ற அணுக்களைக் கிளப்பிவிடும். எல்லார் உடம்புக்கும் இது பொருந்தாது, அப்பாவுக்குப் பொருந்தியது.

பீடி சிகரெட் தொடாதவருக்குத் தொண்டையில் எப்படிம்மா வந்தது, என்ன வைரஸ் அது என்று நீ கேட்டபோது நான் போனை வைத்துவிட்டேன். அதற்குத்தான் இந்தக் கடிதம். மகளிடம் எழுதுகிற விஷயமா என்று மூன்று நாள் யோசித்தேன். அது ஆணும் பெண்ணும் சேர்வதில் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வருவது. யார்கிட்டேயிருந்து யாருக்கு, எப்போன்னு எந்தப் பரிசோதனையும் சொல்லாது, கல்யாணத்துக்கு முன்னாடியே வந்து முப்பது நாப்பது வருஷம் சத்தமில்லாமகூட இருந்திருக்கலாம் என்று டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஏனென்றால் உனக்கு மூன்று வயதில் எனக்குக் கர்ப்பப்பை வாயில் புண் இருந்தது, விட்டால் புற்றாகிவிடும் என்றார்கள், இதே வைரஸ். தபால் ஆபீஸில் அரை நாள் லீவு போட்டு, உன்னைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் புண்ணை எடுத்துக்கொண்டேன். மத்தியானம் ஆபீஸுக்குத் திரும்பி வந்து, உட்கார முடியாமல் நின்றுகொண்டே தெருவாரியாகக் கடிதம் பிரித்தேன். அப்பா அப்போது லாரியோடு எங்கேயோ. மாதத்தில் இருபது நாள் வெளியூரில் படுக்கிறவர், வேறு எப்படி வந்திருக்கும் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். அவரிடம் கேட்கவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால் உன்னைத் தூக்கிக்கொண்டு நான் எங்கே போவது? கேட்காமலே தண்டனையை மட்டும் கொடுத்தேன். அப்பா வந்தாலே ஏம்மா சிடுசிடுன்னு ஆயிடறே என்று நீகூடக் கேட்டிருக்கிறாய். இத்தனை வருஷமும் அது எனக்குள்ளே வெளியே வர வழியில்லாமல் கிடந்தது.

போன மாதம் அணுக்கள் எடுத்த அன்று நான்கு மணி நேரம் அவரைக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். ஒரு கையிலிருந்து ரத்தம் மிஷினுக்குப் போய் இன்னொரு கை வழியாகத் திரும்புகிறது. இரண்டு கையிலும் ஊசி, மடக்கக் கூடாது. அவர் எழுதிக் காட்டுகிற பலகை என் மடியில் இருந்தது. பேசவும் முடியாது, எழுதவும் முடியாது, எழுந்து போகவும் முடியாது. எனக்கு அப்போதுதான் தைரியம் வந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. புண் வந்தது, மறைத்தது, உங்களைச் சந்தேகப்பட்டது, இப்போ பார்த்தா நானே உங்களுக்குக் கொடுத்திருப்பேனோன்னு பயமா இருக்கு என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் கூரையையே பார்த்தார். கண்ணோரம் வழிந்த தண்ணீரைத் துடைக்க அவருக்குக் கை இல்லை, துடைக்கப் போன என் கையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்னும் ஒன்றே கால் மணி நேரம் பாக்கி இருந்தது. எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. எங்கே ஓடுவது?

ஊசியை எடுத்ததும் முதலில் மூத்திரம் போக வேண்டும் என்று சைகை காட்டினார். வந்து உட்கார்ந்து பலகையை வாங்கி, தனியாவா போனே என்று எழுதினார். ஆமாம் என்றேன். அழித்துவிட்டு வைத்தவர், அதற்குப் பிறகு ஐந்து நாள் அந்தப் பலகையைத் தொடவில்லை. இந்த ஒரே அறையில், ஐந்து நாள். அணுக்கள் தயாராகி வந்து உடம்பில் ஏற்றினார்கள், அப்போதும் என்னைப் பார்க்கவில்லை. ஆறாம் நாள் காலையில் எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, எதிரே கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கேளு, எழுதறேன் என்று எழுதி நீட்டினார். முப்பது வருஷமாக நான் கேட்காமல் வைத்திருந்த கேள்வி, கேட்டிருந்தால் உண்மையைத்தான் எழுதியிருப்பார். அதை விட்டுவிட்டேன். வலிக்குதா என்றுதான் கேட்டேன். நர்ஸ் எத்தனை தடவை கேட்டாலும் இல்லை என்று தலையாட்டுகிறவர், என்னைப் பார்த்து, ரொம்ப என்று எழுதினார். எழுந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் நகரவில்லை.

போன வாரம் ஸ்கேன் எடுத்தார்கள். புள்ளி வளரவில்லை, சுருங்கவும் இல்லை. இன்னும் இரண்டு தடவை ஏற்றிப் பார்ப்போம் என்கிறார்கள், அதுவரை இதே அறை, இதே கார்கள். நீ பயணச்சீட்டு பார்க்காதே, படுக்க இடம் இல்லை. நீயும் குழந்தைகளும் நூறு வயது இருக்க வேண்டும். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையை இந்த மாதமே செய்துகொள், போகும்போது மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ. பெரியவனுக்குப் பதினொன்று முடிகிறதே, இந்த வைரஸ் வராமலே தடுக்கிற ஊசி பையன்களுக்கும் உண்டு, மறக்காமல் போடு. இதில் எழுதியது எதையும் அப்பாவிடம் கேட்காதே, எப்போதும்போல் பேசு. பதில் வராது என்று சீக்கிரம் வைத்துவிடாதே. நீ வைக்கும்வரை அவர் போனைக் காதிலிருந்து எடுப்பதில்லை.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா