திங்கட்கிழமை முதல் எழுப்பமாட்டேன்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் நலம், உன் நலம் அறிய ஆவல் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் உன் நலத்தைப் பற்றி உங்கள் கல்லூரியிலிருந்தே கடிதம் போட்டுத் தெரிவித்துவிட்டார்கள். போனில் எதைச் சொன்னாலும் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். பாதி படித்துவிட்டு மடித்து வைக்காதே.

அந்தக் கடிதம் வந்த லட்சணத்தைக் கேள். செவ்வாய்க்கிழமை நான் வேலையிலிருந்து வருவதற்குள் தபால்காரர் அப்பாவிடம் கொடுத்திருக்கிறார். உறையில் கல்லூரி முத்திரையைப் பார்த்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. பையன் ஏதோ பரிசு வாங்கிவிட்டான் என்று, மூக்குக்கண்ணாடியைக்கூட எடுக்காமல் நேராக முடிவெட்டும் கடைக்குப் போய், நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் கடைக்காரரிடம் நீட்டி, "சத்தமா படிங்க" என்றிருக்கிறார். அந்த மனிதரும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுப் படித்திருக்கிறார். வருகை ஐம்பத்தொரு சதவீதம் என்று வந்ததும், "ஐம்பத்தொண்ணுன்னா பாஸ்தானே அண்ணே" என்று கையைக் குலுக்கி அனுப்பிவிட்டார். அப்பா வரும் வழியில் பிஸ்கட் பாக்கெட் வேறு வாங்கிக்கொண்டு வந்தார். நான் வந்து படித்துப் பார்த்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். உன் தங்கை, அந்த வாயாடி, பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு இதை இப்போது தின்னலாமா கூடாதா என்று என்னைக் கேட்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளுக்கும் நாலு திட்டு விழுந்தது.

மறுநாள் அப்பா குழாய் ரிப்பேர் வேலை இரண்டைத் தள்ளிப் போட்டுவிட்டு உங்கள் துறைத் தலைவருக்குப் போன் செய்தார். யாரிடமும் வாயைக் கொடுத்துத் தோற்காத மனிதர், எழுந்து நின்றுகொண்டு சார் சார் என்று பேசியதை நீ பார்த்திருக்க வேண்டும். மீதியிருக்கும் இருபத்தாறு நாளும் காலை எட்டு மணி வகுப்பில் நீ உட்கார்ந்திருந்தால் தேர்வு எழுத விடுவார்களாம். ஒரு நாள் தவறினாலும் திரும்ப முதல் வருடம்தானாம். அதற்குமேல் அவரிடம் கெஞ்ச முடியாது, கெஞ்சியாகிவிட்டது.

எட்டு மாதமாக நான் செய்த முட்டாள்தனத்தை என்னவென்று சொல்வேன். நீ போன நாளிலிருந்து தினமும் ஆறரை மணிக்கு, பேக்கரியில் பன் பொட்டலம் கட்டுவதைப் பாதியில் விட்டுவிட்டுப் பின்வாசலுக்கு ஓடி வந்து உன்னைக் கூப்பிடுகிறேன். "எழுந்துட்டியாடா" என்றால், "எழுந்துட்டேன்ம்மா, பல் தேய்ச்சுக்கிட்டிருக்கேன்" என்பாய். உள்ளே போனால் மேஸ்திரி "என்னம்மா, துரையை எழுப்பியாச்சா" என்று கேலி செய்வார், நானும் பெருமையாகத் தலையாட்டுவேன். நீ தூக்கத்திலேயே தெளிவாகப் பேசுகிறவன் என்பது எனக்குத் தெரியாததா? கண்ணைத் திறக்காமலே ஏழாம் வாய்ப்பாடு ஒப்பித்தவன் ஆயிற்றே நீ. வீட்டில் உன் வாயை நான் என்றைக்காவது நம்பியிருக்கிறேனா, உன் கால் இரண்டும் தரையில் பட்ட பிறகுதானே அடுப்படிக்குப் போவேன். போனில் காலைப் பார்க்க முடியாதே என்பது இந்த மரமண்டைக்கு எட்டு மாதமாக உறைக்கவில்லை. நீ குறட்டைக்கு நடுவில் பதில் சொல்லியிருக்கிறாய், நான் பிள்ளை வகுப்புக்குக் கிளம்பிவிட்டான் என்று நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

புதன்கிழமை கேட்டபோது ஒவ்வொன்றாகச் சொன்னாய். பாடம் புரியவில்லை, எழுந்து சந்தேகம் கேட்டபோது பின்பெஞ்சுக்காரர்கள் சிரித்தார்கள், அதற்குப் பிறகு போகவே பிடிக்கவில்லை என்றாய். அப்போதே நினைத்தேன், இது வெறும் தூக்கம் இல்லை. கணக்குப் பரீட்சை அன்று தவறாமல் வரும் உன் வயிற்றுவலிதான் இப்போது தூக்கமாக வந்திருக்கிறது. சிரித்தவர்கள் வகுப்புக்குப் போய்ச் சிரித்துவிட்டு வருகைப் பதிவையும் வாங்கிக்கொண்டார்கள், நீ போர்வைக்குள் இருந்து என்னத்தைச் சாதித்தாய்? முதல் வாரமே என்னிடம் சொல்லியிருக்கலாமே, அதுதான் எனக்கு ஆறவே இல்லை. அம்மா கத்துவாள் என்று பயந்தாயா? கத்தியிருப்பேன்தான். கத்தி முடித்துவிட்டு என்ன செய்யலாம் என்று உன்னோடு உட்கார்ந்து யோசித்திருப்பேன். முன்பெஞ்சில் போய் உட்கார். புரியாததை வகுப்பு முடிந்ததும் அந்த ஆசிரியர் பின்னாலேயே போய்க் கேள், அவர் ஒன்றும் கடித்துவிடமாட்டார்.

அப்பா ஒரு அலாரக் கடிகாரம் வாங்கி இதோடு பார்சலில் அனுப்பியிருக்கிறார். சத்தம் காதைக் கிழிக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் வந்து என்ன ஆயிற்று என்று கேட்டுவிட்டுப் போனார். அதைத் தலைமாட்டில் வைக்காதே, கதவுக்குப் பக்கத்தில் வை, எழுந்து நடந்தால்தான் நிறுத்த முடியும். திங்கட்கிழமை முதல் நான் கூப்பிடமாட்டேன். இந்த இருபத்தாறு நாளாவது எழுப்பு, அப்புறம் விட்டுவிடலாம் என்று அப்பா சண்டை போடுகிறார். எனக்கு மட்டும் பயமில்லையா? ஒரு நாள் தவறினால் ஒரு வருடம் போய்விடும். ஆனால் என் குரலுக்குப் பதில் சொல்லிவிட்டுத் தூங்குவதுதானே உனக்குப் பழக்கமாகியிருக்கிறது, அதை நானே இன்னும் எப்படி வளர்ப்பேன்.

இரண்டு வேளையாவது நேரத்துக்குச் சாப்பிடு. அந்தப் போர்வையைத் துவைத்துப் போடு, எட்டு மாதம் உழைத்திருக்கிறது பாவம். நீ நன்றாக இருக்க வேண்டும், நல்ல புத்தியோடு இருக்க வேண்டும், கோபத்திலும் அதைத்தான் வேண்டிக்கொள்கிறேன். ஆறரை ஆனால் என் கை சும்மா இருக்காது என்று எனக்கே தெரியும். அதனால் மேஸ்திரியிடம் கேட்டு மாவு பிசையும் மேசைக்கு மாற்றிக்கொண்டுவிட்டேன். ஏழரை மணி வரை இரண்டு கையும் முழங்கை வரைக்கும் மாவாக இருக்கும், நினைத்தாலும் போனைத் தொட முடியாது.

இன்னும் கோபம் தீராத,
உன் அம்மா