மிச்ச மெழுகில் ஒரு ஈஸ்டர்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் நலம்தான், அதாவது வேளைக்குச் சாப்பிடுகிறேன், படுத்தால் தூங்கிவிடுகிறேன், ஆஸ்பத்திரி சலவைக்கூடத்து வேலைக்கும் திரும்பிவிட்டேன். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். எட்டாம் மாதத்தில் விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னதைத்தான் நீ கேட்டாய், அப்பாவை அடக்கம் பண்ண வர முடியவில்லையே என்று போனில் திரும்பத் திரும்பச் சொல்லாதே. கால் வீக்கம் வடிந்ததா, உட்காரும்போது காலைத் தூக்கி வைத்துக்கொள்.

ஈஸ்டர் எப்படிப் போனது என்று கேட்டிருந்தாய். இந்த வருடம் கோயிலில் தெர்மாகோல் இல்லை, பிளாஸ்டிக் பூ இல்லை, தூக்கிப்போடுகிற தட்டு டம்ளர் எதுவும் கிடையாது என்று பாதர் முன்கூட்டியே அறிவித்துவிட்டார். போன வருடமே அவர் இந்தப் பேச்சை எடுத்தபோது அப்பா விடவில்லை, தெர்மாகோல் இல்லாம கல்லறை எப்படி பாதர், ஆண்டவர் எங்கேருந்து எழுந்திரிப்பாரு என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார். குழாய் வேலையைப் போட்டுவிட்டு வருடா வருடம் தெர்மாகோலில் அந்தக் கல்லறைக் குகையைச் செய்தவர் இல்லையா. இந்த முறை பழைய அட்டைப்பெட்டியிலும் சாக்கிலும் பையன்களே செய்தார்கள், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வீடு எரிந்து மிஞ்சிய மெழுகுவத்தித் துண்டுகளைச் சேர்த்து உருக்கி ஒரே பெரிய மெழுகுவத்தியாக வார்க்கலாம் என்று எதிர்வீட்டு டீச்சர் சொன்னாள், அகலமான பாத்திரம் நம் வீட்டில் இருக்கிறது என்று எல்லாமே இங்கே வந்து சேர்ந்தது. பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க விட்டு அதற்குள் பால்பவுடர் டப்பாவை வைத்து உருக்கினோம். வார்ப்பதற்கு அச்சு வேண்டுமே, அப்பாவின் சாமான் மூட்டையில் நாலு அங்குலப் பைப்புத் துண்டு ஒன்று கிடந்தது, அதை நீளவாக்கில் அறுத்துக் கம்பி போட்டுக் கட்டினேன்.

அப்பாவின் சவப்பெட்டியைச் சுற்றி ஏற்றிய மெழுகுவத்திகளில் மிஞ்சியதைப் பேப்பரில் சுற்றி வைத்திருந்தேன், அதையும் எடுத்துப் போட்டேன். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டாள், அக்கா அது அவருக்கு ஏத்துனது, அத மட்டும் எடுத்து வச்சுக்குங்க என்றாள். மெழுகுதானே, உருகட்டும் என்றேன். அப்படிச் சொன்னது நான்தானா என்று பிறகு யோசித்தேன். கொஞ்ச நேரத்தில் அவளே, என்னக்கா கை இப்படிச் சுட்டிருக்கு, தெரியலையா என்றாள். பார்த்தால் மணிக்கட்டில் மெழுகு கொட்டி உறைந்து கிடந்தது. எனக்குத் தெரியவில்லை. சலவைக்கூடத்து நீராவியில் பழகின கை என்று சொல்லிவைத்தேன், அது காரணமில்லை.

ஈஸ்டர் காலையில் அந்த மெழுகுவத்தியைக் கோயில் வாசலில் நிறுத்தினார்கள். எல்லா நிறமும் கலந்து பாத்திரம் கழுவின தண்ணீர் மாதிரி ஒரு நிறம், கொஞ்சம் சாய்ந்தும் நின்றது. பாதர் ஏற்றினார், அணைந்தது. மறுபடி ஏற்றினார், மறுபடியும் அணைந்தது. டீச்சர் கொண்டை ஊசியை எடுத்துத் திரியை நிமிர்த்தினாள், அப்புறம் பிடித்துக்கொண்டது. இதுல உங்க எல்லார் வீட்டு மெழுகும் இருக்கு என்று பாதர் சொன்னதும் டீச்சர் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள், பின்னால் இன்னும் யார் யாரோ அழுதார்கள். நான் பேருந்துக்கு நிற்பது போல நின்றுகொண்டிருந்தேன். சாப்பாட்டுக்கு அவரவர் தட்டை அவரவரே கொண்டுவந்திருந்தோம், கழுவி எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். மற்ற வருடம் மூன்று டிரம் குப்பை சேரும், இந்த முறை அரை வாளிகூட இல்லை, அதுவும் முட்டை ஓடுதான், செடிக்குப் போட்டாயிற்று. பாதருக்கு ரொம்பச் சந்தோஷம். அப்பா இருந்திருந்தால் அடுத்த வருடம் பார்ப்போம் என்று சொல்லியிருப்பார்.

பிள்ளைக்கென்று புதிதாக ரொம்ப வாங்கிக் குவிக்காதே, நாலு தரம் துவைத்த பழைய துணிதான் பச்சை உடம்புக்கு உறுத்தாது, இது என் தொழில் தெரிந்து சொல்கிறேன். ஆண்டவர் உன்னையும் பிள்ளையையும் இரண்டு உயிராகப் பிரித்துச் சுகமாகத் தருவார். மாத்திரையை மறக்காதே. இன்னும் ஒன்று, இதை இங்கே யாரிடமும் சொல்லவில்லை. அப்பா போய் நாற்பது நாள் தாண்டிவிட்டது, எனக்கு இன்னும் ஒரு சொட்டு அழுகை வரவில்லை. நீ அங்கே அழுதாயா? வேறு எதுவும் எழுத நேரமில்லாவிட்டாலும் அதை மட்டும் எழுது, நான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆசீர்வாதத்துடன்
உன் அம்மா