பச்சை விளக்கு எரிந்தது

சங்ககிரி,
14-8-1987

அன்புள்ள அர்த்தநாரிக்கு, குமாரசாமி எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். போன ஞாயிறு வெண்ணந்தூர் போயிருந்தேன். உன் அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. இந்த விஷயம் எதையும் அவரிடம் சொல்லவில்லை.

சென்றாயன் இறந்துவிட்டார். எங்கள் ஆலைச் சாயப்பட்டறையில் நூல் வேகவைக்கும் ஆவிக் கொப்பரையின் மூடியைத் திறக்கிறவர். பம்பாயில் உன் ஆபீசுக்கு இரண்டு முறை டிரங்க் கால் போட்டேன். நீ சீட்டில் இல்லை என்றார்கள். தந்தியில் அடங்குகிற விஷயமில்லை. அதனால் வீட்டு விலாசத்துக்கு எழுதுகிறேன்.

அவர் மூடியைத் திறந்த அன்றைக்குக் கொப்பரைக்குள் ஆவி நிறைந்திருந்தது. அழுத்தத்தை அளக்கும் கருவியின் ஒயர் அறுந்துபோயிருக்கிறது. கருவியிலிருந்து தகவல் வராவிட்டால், பம்பாயில் நீங்கள் எழுதிய புரோகிராம் பூஜ்யம் என்று அனுப்புகிறது. விளக்குக்குப் பெங்களூர்க்காரர்கள் எழுதிய பகுதி, பூஜ்யம் என்றால் உள்ளே அழுத்தமே இல்லை என்று எடுத்துக்கொண்டு பச்சை விளக்கைப் போடுகிறது. பச்சை எரிந்தால் திறக்கலாம் என்றுதான் அவருக்குச் சொல்லியிருந்தோம். திறந்தார். முன்பு மூடிக்குப் பக்கத்தில் முள் வைத்த மீட்டர் ஒன்று இருந்தது. கம்ப்யூட்டர் வந்ததும் அது எதற்கென்று கழற்றிவிட்டார்கள்.

பெங்களூரைக் கேட்டால், "எங்கள் பகுதியைச் சோதித்துத்தான் அனுப்பினோம், பம்பாயைக் கேளுங்கள்" என்கிறார்கள். உன் மேலதிகாரி பெங்களூரைக் கைகாட்டுகிறார். இரண்டு பேர் சொல்வதும் பொய்யில்லை. தனித்தனியாக இரண்டும் சரியாகத்தான் ஓடின. ஒயரைப் பிடுங்கிவிட்டு இரண்டையும் சேர்த்து ஓட்டிப் பார்க்கும் வேலையை, இரண்டு ஊருக்கும் மேலே உள்ள மெட்ராஸ் தலைமை ஆபீசு யாருக்கும் கொடுக்கவில்லை.

கடைசியில் மூன்று ஊரும் ஒத்துக்கொண்டது, சென்றாயன் அவசரப்பட்டுவிட்டார் என்பதை. அப்படி எழுதி, பட்டறை சூப்பர்வைசர் என்று என்னிடம் கையெழுத்துக் கேட்டார்கள். மறுத்துவிட்டேன். வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். இப்போது என்னை உள்ளே விடக்கூடாது என்று வாட்ச்மேனுக்கு உத்தரவு.

காரியத்துக்குப் போயிருந்தேன். அவர் மனைவி பொன்னாயி என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "ஏனுங்க, வெளக்கு எரிஞ்சுதுங்களா, எரியலீங்களா? அத மட்டும் சொல்லுங்க" என்றார். எரிந்தது என்றேன். "அப்ப அதைய எழுதச் சொல்லுங்க. எரியாம அவரு தொடவே மாட்டாருங்க" என்றார். அழவில்லை. என்னால்தான் அங்கே நிற்க முடியவில்லை.

நேற்று ஓமலூர் போனேன். அங்குள்ள ஆலையிலும் இதே புரோகிராம்தான். நிறுத்தச் சொன்னேன். "பம்பாயில இருந்து தந்தி வந்தா இந்த நிமிசமே நிறுத்தறனுங்க. வேலையில்லாத ஆளு சொல்றத வெச்சு எப்படீங்க நிறுத்தறது?" என்றார் மேனேஜர். அங்கே மூடி திறப்பவர் காளியப்பன் என்பவர். ஆலை கேட்டுக்கு வெளியே அவரைப் பிடித்து, பச்சை எரிந்தாலும் திறக்க வேண்டாம் என்றேன். "நான் தொறக்கலீன்னா வேற ஆளப் போட்டுருவாங்க சாமி" என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்கு உள்ளே போய்விட்டார்.

நீ ஓமலூருக்குத் தந்தி கொடுத்தால் உன் வேலைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வீட்டில் தெய்வநாயகிக்குப் பிரசவ மாதம் நெருங்குவதும் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். தகவல் வராவிட்டால் பூஜ்யம் என்று அனுப்பும்படி எழுதினவன் நீ. நீ சொன்னால் நிறுத்துவார்கள்.

தெய்வநாயகி நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்கட்டும். பிள்ளை தீர்க்காயுசாக இருக்கட்டும். அர்த்தநாரி, இதைப் படித்து முடித்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு தபாலாபீசுக்குப் போ.

இப்படிக்கு,
உன் குமாரசாமி