கிணற்றுக்குள் இறங்கிய எஞ்சின்

மூலக்குளம்
4-4-1983

அன்புத் தம்பி கலியமூர்த்திக்கு அக்கா தனக்கொடி ஆசையோடு எழுதுவது. உன் பாரீஸ் குளிரில் பாதியை இங்கே அனுப்பினால் புண்ணியமாகப் போகும். வெயில் மண்டையைப் பிளக்கிறது. நீ வாங்கிக் கொடுத்த டீசல் எஞ்சின் கிணற்று மேட்டில் நின்று இருமுகிறதே தவிர, ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. தண்ணீர் அடியாழத்துக்கு இறங்கிவிட்டது, வாளிக் கயிறு எட்டவில்லை. நானும் அமிர்தவல்லியும் குடத்தோடு வில்லியனூர் ரோடு வரை அலைகிறோம். பத்தாவது படிக்கிற என் பெண்ணுக்கு இது தலையெழுத்தா? நீதான் மெக்கானிக் ஆயிற்றே, ஒரு வழி சொல்லேன்.

உன் அக்கா

பாரீஸ்
16-4-1983

அன்புள்ள அக்கா,
இதற்கா இத்தனை புலம்பல்? அவ்வளவு ஆழத்திலிருந்து எஞ்சினால் இழுக்க முடியாது. கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் பலகை அடித்து, எஞ்சினை அங்கே இறக்கி வைக்கச் சொல். எத்தனையோ கழனிகளில் செய்கிறார்கள். மாமா தயங்கினால், "என் தம்பி உங்களைப் பயந்தாங்கொள்ளின்றான்" என்று சொல்!

பிரியமுள்ள
கலியமூர்த்தி

மூலக்குளம்
2-5-1983

தம்பிக்கு,
தண்ணீர் வந்துவிட்டதடா! நீ எழுதியதைப் படித்ததும் மாமாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாளே கயிறு கட்டி எஞ்சினை இறக்கிவிட்டார். தெருவே குடத்தோடு கூடி உன்னை வாழ்த்தியது.

ஒரு சங்கடம். எஞ்சினை நிறுத்த இறங்கி ஏறினால் அவருக்குத் தலை சுற்றுகிறது, வாந்தி வருகிறது. "பித்தம்டி, ஒண்ணுமில்ல" என்கிறார். எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தேன். புகை மேலே வராமல் உள்ளேயே கிடக்கிறது. நேற்று கிணற்றுக் குருவிகள் இரண்டு செத்து மிதந்தன. எஞ்சினை மேலே ஏற்றிவிடுங்கள் என்றால் கேட்கமாட்டேன் என்கிறார். நீ ஒரு வார்த்தை எழுது, நீ சொன்னால்தான் கேட்பார்.

அக்கா

பாரீஸ்
14-5-1983

அன்புள்ள அக்கா,
குருவி செத்ததற்கெல்லாம் சகுனம் பார்க்கும் ஆள் நீ ஒருத்திதான். எஞ்சின் என்றால் புகை வராதா? காலையில் கூழ் குடிக்காமல் இறங்கினால் யாருக்கும் தலை சுற்றும். மாமாவை வயிறாரச் சாப்பிட்டுவிட்டு இறங்கச் சொல். ஆகஸ்டில் வக்கான்ஸ் லீவுக்கு வருகிறேன். நானே இறங்கிப் பார்க்கிறேன்.

கலியமூர்த்தி

மூலக்குளம்
27-5-1983

கலியமூர்த்திக்கு,
உன் கடிதம் உன் மாமாவின் கருமாதி அன்று வந்தது. எல்லோருக்கும் நடுவில் அமிர்தவல்லி படித்தாள். பாதியில் நிறுத்திவிட்டாள். நீ அதை எழுதிய தேதிக்கே அவர் இல்லை.

எஞ்சினை நிறுத்த இறங்கியவர் ஏறவில்லை. தூக்கப் போன பக்கத்து வீட்டு அம்மாவாசையும் மயங்கி விழுந்தான். கயிறு போட்டு இழுத்து அவனை மட்டும் காப்பாற்றினார்கள். புகைதான் கொன்றது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அன்று அவர் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத்தான் இறங்கினார்.

உனக்குத் தந்தி கொடுக்கச் சொன்னார்கள். நான்தான் வேண்டாம் என்றேன். நீ வந்து அழுதால் உன்னை நான் தேற்ற வேண்டிவரும். எனக்கு அந்தத் தெம்பு இல்லை. ஆகஸ்டிலும் வராதே.

கிணற்றில் தண்ணீர் கொஞ்சம் மேலே ஊறியிருக்கிறது. தெருவில் யாரும் அதைத் தொடுவதில்லை. நானும் என் பெண்ணும் அதைத்தான் சேந்திக் குடிக்கிறோம். வேறு தண்ணீருக்கு எங்கே போவோம்?

தனக்கொடி