மருந்தடிக்காத இஞ்சி

என் கோபக்கார வீட்டுக்காரருக்கு,

உங்கள் மீசைக் கத்தரிக்கோலை எடுத்தது நான்தான். இஞ்சியில் நடுக்குருத்து மஞ்சளாகித் தண்டில் ஓட்டை தெரிந்தால், உள்ளே இருக்கிற புழுவோடு சேர்த்துத் தண்டை அந்தக் கத்தரிக்கோலால்தான் நறுக்கி எரிக்கிறேன். நன்றாக வெட்டுகிறது. நீங்கள் உங்கள் அக்கா வீட்டில் மீசையை வளர்த்துக்கொண்டிருங்கள்.

பூச்சிமருந்து அடித்தால்தான் வீட்டுக்கு வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அடிக்க மாட்டேன். போன தடவை மருந்தடித்துவிட்டு வந்து, என் மடியில் படுத்துக்கொண்டு, “நீ யாரு?” என்று என்னையே கேட்டீர்கள். அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

வேப்பெண்ணெய் தெளித்திருக்கிறேன். பாதி இஞ்சி போனால் போகட்டும், ஆள் முழுசாக வேண்டும்.

நேற்று சாயங்காலம் உங்கள் தம்பி மருந்து டப்பாவோடு வந்தார்.

“அண்ணி, அண்ணன் அடிக்கச் சொன்னாரு. தள்ளுங்க.”

“முதல்ல என் மேல அடிங்க கொழுந்தனாரே, அப்புறம் இஞ்சிக்குப் போகலாம்” என்று பாத்திக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

என்னைச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தார். அந்துப்பூச்சி வந்து விழட்டும் என்று பாத்தியோரம் மாட்டிய விளக்குக்கு அடியில் சோப்புத் தண்ணீர் வைத்திருந்தேன். அதில் காலை விட்டார். ஒரு கால் மட்டும் வெளுத்து வீட்டுக்குப் போனார்.

இப்படிக்கு,
உங்கள் அடங்காப்பிடாரி