காது கீறிவிட்ட ஆடு

எஹலியகொட,
1935 ஜனவரி 27.

ரங்கூனில் இருக்கும் பளீலாவின் வாப்பா அவர்களுக்கு ஸுபைதா எழுதுவது. அல்லாஹ்வின் சாந்தி உங்கள்மீது நிலவட்டும். இந்தக் கடிதம் கைக்குக் கிடைக்கும்போது நீங்கள் சுகமாக இருக்க வேண்டும்.

பளீலா உயிரோடு இருக்கிறாள். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இப்போது இந்த ஊருக்கு வரும் கடிதங்களையும் இங்கிருந்து போகும் கடிதங்களையும் எல்லாரும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் வாசிக்கத் தொடங்குகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். நான் எழுதிய வரிசையிலேயே வாசியுங்கள். உங்கள் உம்மாவைப் பற்றி எழுத வேண்டிய இடம் வரும்போது எழுதுகிறேன்.

காய்ச்சலைப் பற்றி அங்கே பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். மழை பொய்த்து ஆறு குட்டை குட்டையாகத் தேங்கிக் கிடந்ததும், அதில் நுளம்பு பெருகியதும்தான் காரணம் என்கிறார்கள். எனக்குத் தெரிந்தது மையித்தைத் தூக்கும் சந்தூக்கு பள்ளிக்குத் திரும்பிப் போகாமல் வீடு வீடாகச் சுற்றியதுதான். றப்பர் தோட்டத்து லயங்களிலிருந்து ஆட்களைச் சாக்கில் கட்டித் தூக்கி வருகிறார்கள். மருந்துச் சாலைக்கு வெளியே, பலா மரத்தடியில், உட்கார்ந்தபடியே சிலர் போய்விடுகிறார்கள். இறைச்சிக் கடை சாலி நானா மௌத்தாகிவிட்டார். அவர் கடைப் பலகை மூடியபடி கிடக்கிறது. பெருநாள் வந்ததும் போனதும் யாருக்கும் தெரியாது.

பளீலாவுக்கும் உங்கள் உம்மாவுக்கும் ஒரே கிழமைக்குள் காய்ச்சல் தொடங்கியது. ஒருநாள் விட்டு ஒருநாள் குலை நடுக்கும் குளிர், பிறகு நெருப்பு, பிறகு வேர்வை. கொயினா மருந்தைக் கரைத்துக் கொடுத்தேன். பிள்ளையின் காய்ச்சல் நின்றது, ஆனால் பிள்ளை எழும்பவில்லை. கஞ்சியை வாயில் விட்டால் கடைவாயால் வழிந்தது. தூக்கினால் தலை தோளில் நிற்காமல் பின்னால் சாய்ந்தது. மருந்துச் சாலை அப்போதிக்கரி ஐயாவுக்குக் கோபம். “மருந்து காய்ச்சலைத்தான் கொல்லும். பிள்ளைய நீங்கதான் பிழைக்க வைக்கணும். எலும்பு அவிச்ச தண்ணி குடுங்க, ரெண்டு பேருக்கும். இல்லாட்டி இங்க திரும்பத் தூக்கிட்டு வராதீங்க” என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

எலும்புக்கு எங்கே போவது? அவிசாவளை வரைக்கும் ஆளனுப்பிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. வீட்டில் ஓர் ஆடு நின்றது. எந்த ஆடு என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் கப்பலேறப் புறப்பட்ட அன்று, மாமி அதன் காதைக் கீறி, “என்ட மகன் உசிரோட திரும்பி வந்தா மலைக்குக் கொண்டுபோய்க் கந்தூரி ஆக்கிக் குடுப்பேன்” என்று ஜெய்லானி மலை அவுலியாவுக்கு நேர்ந்து விட்ட கிடாய். அதைக் கட்டுகிற கயிற்றைக்கூட அவர் வேறு யாரையும் தொட விடுவதில்லை. உங்களிடமிருந்து கடிதம் வந்த நாட்களில் அதற்குப் பலாயிலை கூடுதலாகக் கிடைக்கும். மாணிக்கக் கல் வாங்க அங்குள்ள மலைப்பக்கம் போகிறேன் என்று எழுதினீர்களே, அதற்குப் பிறகு கடிதமே இல்லை. அப்புறம் மாமி அந்த ஆட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அது நன்றாகத் தின்றால் நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

நானும் அதைப் பார்த்தேன். பிள்ளையையும் பார்த்தேன். எதற்கும் மார்க்கக் கிதாபைத் தேடுகிறாய் என்று என்னைக் கேலி செய்வீர்கள் அல்லவா, அன்று கிதாபைத் தேடவில்லை. முதலில் முடிவெடுத்தேன். பிறகுதான் தேடினேன்.

அறுக்க ஆண் வேண்டுமே. பள்ளியில் தொழுவிக்கும் ஸம்சுதீன் லெப்பையின் வீட்டு வாசலில் போய் நின்றேன். பாயில் கிடந்தபடியே, “கத்தி பிடிக்க ஏலா மகள், எனக்குத் தஸ்பீஹு மணி பிடிக்கவே ஏலாமக் கிடக்கு” என்றார். பெண் அறுத்தால் மார்க்கத்தில் கூடுமா என்று கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். தூங்கிவிட்டார் என்று திரும்பும்போது, “கிதாபுல இரிக்கி. ஊருலதான் இல்ல” என்றார். நேர்ச்சையைப் பற்றி நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.

பக்கத்துக் கடை ராமச்சந்திரனின் மனைவி அன்னலட்சுமிதான் ஆட்டின் கால்களைப் பிடித்தார். அவர் வீட்டிலும் காய்ச்சல் வந்து போயிருந்தது. தொழும் கிப்லாப் பக்கம் கிடத்தி, தண்ணீர் காட்டி, பிஸ்மி சொல்லிக்கொண்டே நான் கத்தியை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தேன். “ஏங்க, நாங்க பிடிச்சிருக்கிறது ஆடுங்க, புத்தகம் இல்ல. ஒரே இழுப்பா இழுங்க, பாவம்” என்றார். ஒரே இழுப்பாக இழுத்தேன். அதன் காது என் மணிக்கட்டில் பட்டபடி கிடந்தது. அதற்கு மேல் எழுதவில்லை.

மாமி அப்போது குளிர் நடுக்கத்தில் நினைவில்லாமல் கிடந்தார். வேர்த்து இறங்கியபோது எலும்பாணம் அடுப்பில் இருந்தது. ஆட்டின் கால்களை நெருப்பில் வாட்டிச் சுரண்டி, கத்தியின் முதுகால் மூட்டுகளை உடைத்துப் போட்டு, நுரையை எடுத்து எடுத்து ஊற்றிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது. “மல்லி கருகுது. வெறக வெளிய இழு.” இழுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, “கராம்ப அள்ளிப் போட்டியா? மருந்துச் சால மாதிரி மணக்குது. கிதாபு பிடிக்கிற கைக்கு அம்மி எங்க தெரியப் போகுது!” அவர் என்னை ஏசியதைக் கேட்டு எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தனை நாளில் அவர் முழுதாகப் பேசிய பேச்சு அதுதான். மிளகும் சீரகமும் எப்போது இட வேண்டும், ரம்பை இலையை எப்போது கிள்ளிப் போட வேண்டும் என்று பாயிலிருந்தபடியே மணத்தைப் பிடித்துப் பிடித்துச் சொன்னார். அந்த ஆணம் நான் ஆக்கியது அல்ல, மாமி ஆக்கியது.

இரண்டு கோப்பைகளில் ஊற்றிக் கொண்டுபோனேன். பிள்ளை முதல் மிடறை விழுங்கினாள். கடைவாயால் வழியவில்லை. இரண்டாவது மிடறுக்கு வாயைத் திறந்தாள்.

மற்றக் கோப்பையை மாமியின் வாய்க்குக் கொண்டுபோனபோது அவர் முகத்தைத் திருப்பி முற்றத்துப் பக்கம் காது கொடுத்தார். “ஆட்டுட சத்தத்தக் காணல்லயே” என்றார். பெண் அறுத்தது கூடும் என்பதற்கு நான் பக்கம் பக்கமாகப் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அதைத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். “ஆரு அறுத்த எண்டு நான் கேக்கல்ல. எந்த ஆடு எண்டு செல்லு.”

சொன்னேன்.

ஏசுவார் என்று நின்றேன். ஏசவில்லை. பிள்ளையைப் பார்த்தார். “அவளுக்குக் குடு. அவள் அவன்ட ரத்தம், அவளுக்குக் குடுத்தா அவனுக்குக் குடுத்த மாதிரிதான். எனக்கு ஏலா புள்ள. அது என்ட முஹ்ஸின்ட உசிருக்கு விட்டது. அதக் குடிச்சிட்டு நான் எப்படி அவன்ட வழிய பார்த்துக்கிட்டு இரிக்க?”

மறுநாள் பொய் சொன்னேன். இது வேறு இறைச்சி, அவிசாவளையிலிருந்து வந்தது என்றேன். மெலிதாகச் சிரித்தார். “ஒனக்குப் பொய் செல்லப் பழக்கமில்ல. இன்னும் கொஞ்சம் பழகு” என்றார். கெஞ்சினேன், கோபித்தேன், நேர்ந்த ஆட்டையும் சாப்பிடக் கூடும் என்று லெப்பை சொல்லாததையும் சொன்னதாகச் சொன்னேன். காய்ச்சல் திரும்பவும் வந்தது. அந்த மணம் வீடு முழுக்க நின்ற நாட்களில் அவர் வெறும் சுடுதண்ணீரைக் குடித்துக்கொண்டு படுத்திருந்தார். ஒவ்வொரு தடவை பிள்ளைக்கு ஊட்டும்போதும், “அடியில மச்சை இரிக்கும், கலக்கிக் குடு” என்பார். எலும்பின் மச்சையை உறிஞ்சத் தெரியாமல் பிள்ளை முழித்தபோது, எப்படி உறிஞ்ச வேண்டும் என்று தன் விரலை வாயில் வைத்துக் காட்டினார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தில் உங்கள் உம்மா காலமானார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். கலிமா சொல்லித்தான் போனார். நான்தான் குளிப்பாட்டினேன். அவ்வளவு சின்ன உடம்பை அவர் எப்படி எங்கள் எல்லாருக்கும் முன்னால் அவ்வளவு பெரிதாக வைத்திருந்தார் என்று தெரியவில்லை. சந்தூக்குத் தூக்கவும் ஆட்கள் சேரவில்லை. ஒரு பக்கம் ராமச்சந்திரன் தோள் கொடுத்தார். பள்ளிப் பக்கத்து மாமரத்தடியில், உங்கள் வாப்பாவுக்குப் பக்கத்தில் அடக்கியிருக்கிறது.

அன்று வீட்டுக்குத் திரும்பியபோது மாமிக்கென்று மூடி வைத்திருந்த கோப்பை அப்படியே இருந்தது. கொட்ட மனம் வரவில்லை. நானே குடித்தேன். ஆறிப்போயிருந்தும் ருசியாக இருந்தது. எனக்குப் பசித்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, வேறு யாரிடமும் சொல்லவும் முடியவில்லை.

பளீலா சுவரைப் பிடித்து நடக்கிறாள். ஆட்டைக் கேட்டாள், வாப்பும்மாவோடு மலைக்குப் போயிருக்கிறது என்றேன். மாமி சொன்னபடி கொஞ்சம் பழகிக்கொண்டிருக்கிறேன்.

நேர்ச்சையில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை என்று உங்களிடம் வாதாடியிருக்கிறேன். இப்போது தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே வாசலுக்கு ஓடிவிடுகிறேன். வேறொரு கிடாய் வாங்கி நிறைவேற்றலாம் என்று லெப்பை சொல்கிறார். எழும்பி உட்கார்ந்துவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். வாங்கலாம்தான். ஆனால் அது மாமி காது கீறியதாக இருக்காது.

நீங்கள் எங்கே இருந்தாலும் உடனே இரண்டு வரி எழுதுங்கள். உறையின் மேல் உங்கள் கையெழுத்தைக் கண்டாலே போதும், உள்ளே ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கல் கிடைக்காவிட்டால் கிடைக்காமல் போகட்டும். என்மேல் கோபம் இருந்தால் நேரில் வந்து கோபியுங்கள்.

உங்கள் உம்மா கடைசிவரை குடிக்காமல் வைத்தது உங்களுக்காக. அது வீணாகாமல் பார்த்துக்கொள்ள இனி உங்களால் மட்டுமே முடியும். அல்லாஹ் உங்களைக் கரை சேர்ப்பானாக. உயிரோடு வந்து சேருங்கள்.

உங்கள் வழியைப் பார்த்திருக்கும்,
ஸுபைதா.